முன்வரிசைக்காரனுக்கு ஒரு சிறுநீரகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு யாரும் எனக்காக உச்சுக் கொட்ட வேண்டாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய்விட்டது. மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்கப் போனால்கூட, "அய்யோ, எப்படி இருந்த ஆளு!" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியாதா? நூற்று நாற்பது கிலோ இருந்தேன். அந்த எடைக்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள்.

என் பெயர் வேலு. பிறந்தது மரக்காணம், பத்தாவது வரை படித்ததும் இங்கேதான். அம்மா நான் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பா ஆரோவில்லில் ஒரு கனடாக்காரர் நடத்திய பட்டறையில் தச்சர். அந்தக் கனடாக்காரர் சொந்த ஊருக்குத் திரும்பியபோது, அங்கே வேலை வாங்கித் தருகிறேன் என்று அப்பாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அக்கா அஞ்சலைக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. அவளும் கோவிந்தன் மாமாவும் இங்கேயே தங்கி உப்பளத்தில் வேலை செய்தார்கள். இன்றைக்கும் அதுதான் அவர்கள் வேலை.

கனடாவில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரமே விளையாட்டு வாத்தியார் என்னைப் பார்த்துவிட்டார். எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது, குளிருக்குப் பற்கள் கிட்டும், ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அவருக்கு அது போதும். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் கால்பந்து இல்லை. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும், தலையில் கவசம், தோளில் கவசம், ஆளோடு ஆள் மோதுவதுதான் ஆட்டம். பந்தை எறிகிறவன் எங்களுக்குப் பின்னால் நிற்பான். அவனை அடித்துச் சாய்க்க எதிரணிக்காரர்கள் பாய்ந்து வருவார்கள். அவர்களை முன்வரிசையில் நின்று நெஞ்சாலும் கையாலும் மறிப்பது என் வேலை. கனடா ஆட்டத்தில் எதிரி ஒரு கஜம் தள்ளித்தான் நிற்க வேண்டும். பாவம் பார்த்து வைத்த விதி என்று நினைக்காதீர்கள், அந்த ஒரு கஜத்தில்தான் அவனுக்கு வேகமே பிடிக்கும்.

பள்ளி, பல்கலைக்கழகம், பிறகு சம்பளத்துக்கு ஆடும் அணி என்று பத்து வருஷத்துக்கு மேல் ஆடினேன். முன்வரிசைக்காரன் பந்தைத் தொடுவதில்லை. கீழே தவறி விழுந்த பந்தின் மேல் ஒரே ஒரு தடவை விழுந்து படுத்திருக்கிறேன், அவ்வளவுதான் எனக்கும் பந்துக்கும் உள்ள உறவு. டிவியில் என் பெயரைச் சொன்னால் நான் ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டேன் என்று அர்த்தம். அதனால் என் பெயர் வராத நாள்தான் எனக்கு நல்ல நாள்.

அக்கா மட்டும் போனில் என் ஆட்டத்தைப் பார்ப்பாள். அங்கே சாயங்காலம் நடக்கிற ஆட்டம் இங்கே விடியற்காலையில் வரும். உப்பளத்துக்குக் கிளம்புகிற நேரம் அது, பாதி ஆட்டம் போகிற வழியிலேயே முடிந்துவிடும். "ஆட்டம் புரியுதாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்த முட்ட எங்க போனா எனக்கு இன்னாடா? ஒவ்வொரு வாட்டியும் கும்பலா வுழறீங்களே, அதுல நீ எழுந்தியா இல்லயான்னு பாப்பேன். எழுந்துட்டியா, சரி. அடுத்தது."

மூட்டு வீங்காத வாரம் கிடையாது. ஆட்டத்துக்கு முன்னால் ஊசி, பின்னால் வலி மாத்திரை. ஆட்டத்தை விட்ட பிறகும் மூட்டு வலியை விடவில்லை, நானும் மாத்திரையை விடவில்லை. அந்த மாத்திரைகள்தான் சிறுநீரகத்தைத் தின்றன என்று டாக்டர் சொன்னதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆட்டத்தைத் திட்ட ஆரம்பித்தார்கள். திட்டாதீர்கள் என்று அன்றைக்கே சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். அந்த ஆட்டம் எனக்குச் சோறு போட்டது. அப்பாவைக் கடைசிவரை நன்றாக வைத்துக்கொண்டேன். என் மனைவி என்னை விட்டுப் பிரிந்தாள். அதற்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை.

அக்கா பெண்ணின் கல்யாணத்துக்கு வந்தபோதுதான் நோய் வெளியே வந்தது. கால் இரண்டும் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. பந்தியில் உட்கார்ந்தால் சாம்பார் வாசனைக்கே குமட்டியது. உடம்பெல்லாம் அரிப்பு. கல்யாணம் முடிந்த மறுநாள் மாமா என்னைப் புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். நாள் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்த நாற்காலி என்னைத் தாங்குமா என்று கவலைப்பட்டே பாதி பயம் மறந்துபோனது.

சிறுநீரக டாக்டர் ஒரு அம்மா, சுற்றி வளைத்துப் பேசாதவர். தசைகள் வேலை செய்யும்போது கிரியாட்டினின் என்று ஒரு கழிவு உண்டாகும், அதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ள வேண்டும், ரத்தத்தில் அது ஏறினால் வடிகட்டி கெட்டுவிட்டது என்று அர்த்தம். எனக்கு ஏறியிருந்த அளவைப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் எப்படி நடமாடினீங்க?" என்று அவரே கேட்டார்.

"எப்ப சரியாகும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஆகாது. ரெண்டும் சுருங்கிப்போச்சு. டயாலிசிஸ் பண்ணணும், இல்லன்னா வேற கிட்னி வைக்கணும்."

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. மைதானத்தில் என்னைத் தள்ளியவன் முகத்தைப் பார்த்திருக்கிறேன், திருப்பித் தள்ளியிருக்கிறேன். இதை எங்கே பிடித்துத் தள்ளுவது?

டயாலிசிஸ் என்றால், உடம்பிலுள்ள ரத்தத்தைக் குழாய் வழியாக ஒரு மெஷினுக்கு அனுப்பி, கழுவி, திருப்பி உள்ளே விடுவது. முதலில் கழுத்தில் குழாய் போட்டார்கள். அக்கா வீட்டிலேயே தங்கி வாரத்துக்கு மூன்று தடவை போய்வந்தேன், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். கட்டில் என் உயரத்துக்குப் போதவில்லை, கால் வெளியே தொங்கியது. இரண்டாம் தடவை போனபோது மாமா ஒரு ஸ்டூலையும், பழைய சாக்கில் வைக்கோல் அடைத்துத் தைத்த ஒரு மெத்தையையும் கொண்டுவந்து கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குள் சாக்கு கூடாது என்றார்கள். மறுநாளே அதன்மேல் ஒரு வெள்ளை உறை ஏறிவிட்டது.

அங்கே மெஷின் பார்க்கிற பெண்ணின் பெயர் செல்வி. ஒவ்வொரு தடவையும் முதலில் எடை பார்ப்பாள். சிறுநீர் பிரியாதவனுக்கு ஏறுகிற எடை எல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான் உண்மையான எடை. அதை உலர் எடை என்கிறார்கள். நானோ வாழ்நாள் முழுக்க எடை ஏற்றிப் பிழைத்தவன். சீசன் தொடங்கும்போது ஒரு கிலோ குறைந்தால்கூடப் பயிற்சியாளர் முறைப்பார். இங்கே இரண்டு கிலோ கூடினால் செல்வி முறைத்தாள்.

"இன்னா சார் இது, குடம் குடமா குடிச்சிருக்கீங்க?"

"வெயிலும்மா."

"வெயில் எல்லாருக்குந்தான் அடிக்குது."

ஒருநாள் மெஷினில் இருக்கும்போது காலில் நரம்பு இழுத்தது. முன்வரிசைக்காரன் வலியைச் சொல்ல மாட்டான். சொன்னால் வெளியே உட்கார வைத்துவிடுவார்கள், அடுத்தவன் அந்த இடத்துக்கு வந்துவிடுவான். அந்தப் பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது, பிறகு ஒன்றும் தெரியவில்லை. விழித்தபோது தலையைத் தாழ்த்திக் காலைத் தூக்கி வைத்திருந்தார்கள். பிரஷர் இறங்கிவிட்டதாம். செல்வி அழாத குறையாக நின்றாள்.

"வாயத் தொறந்து சொன்னா இன்னா சார்? கம்முனு கெடந்தா இங்க யாராச்சும் கப்பு குடுக்கப் போறாங்களா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனி உப்புக் கதைக்கு வருகிறேன். டாக்டர் அக்காவைக் கூப்பிட்டு, "இவருக்குச் சாப்பாட்டுல உப்பக் கொறைக்கணும்" என்றார். அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. தலைமுறை தலைமுறையாக உப்பு வாரிய குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவளிடம் வந்து உப்பு ஆகாது என்றால் எப்படி இருக்கும்? வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், "நம்ம உப்பா ஆவாது? மண்ணு கலக்காம, கண்ணாடி மாதிரி வெளையிற உப்புடா அது" என்று என்னிடம் சண்டை போட்டாள். ஆனாலும் தட்டில் உப்பு இல்லாத சோறு வைத்தாள். நான் அதை விழுங்குகிற அழகைப் பார்த்து மாமாவுக்குத்தான் தாங்கவில்லை.

மாமா புதுச்சேரி போய் ஒரு பெரிய கடையில் விசாரித்திருக்கிறார். சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். பிரஷர்காரர்கள் எல்லாம் இதைத்தான் வாங்குகிறார்கள் என்று சொன்னதும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வீட்டில் கடையில் உப்பு வாங்கியது அதுதான் முதல் தடவை. அண்டை அசல் பார்த்தால் மானம் போய்விடும் என்று துணிப்பைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். அக்காவும் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டாள். குழம்புக்கு ருசி வந்தது. நானும் இரண்டு தட்டு சாப்பிட்டேன். டாக்டரிடம் யாரும் கேட்கவில்லை. உப்பைப் பற்றி இன்னொருத்தரிடம் போய்க் கேட்பதா என்ற வீம்புதான் காரணம்.

இரண்டொரு நாளில் கால் மரத்தது. நாற்காலியிலிருந்து எழுந்தேன், தொடை ஒத்துழைக்கவில்லை, அப்படியே சரிந்தேன். நெஞ்சு விட்டு விட்டு அடித்தது. மாமாவும் தெருக்காரர்கள் நாலு பேரும் சேர்ந்து காரில் ஏற்றினார்கள். கடற்கரைச் சாலையில் கார் போன வேகத்தில் அக்கா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "டேய், எழுந்திரு. எழுந்திருடா" என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தாள். எனக்கு அவள் குரல் கேட்டது. பதில்தான் சொல்ல முடியவில்லை. உண்மையாகவே பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் இதயத்தைக் காப்பாற்ற கால்சியம் ஊசி போட்டு, உடனே மெஷினில் ஏற்றினார்கள். கொஞ்சம் தெளிந்த பிறகு டாக்டர், "என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார்.

அக்கா தலை நிமிர்ந்து சொன்னாள். "சாதா உப்பே போடல டாக்டர். சோடியம் கம்மியா, நல்ல உப்பா வாங்கியாந்துதான் போட்டோம்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த உப்பில் சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பார்கள். நல்ல சிறுநீரகம் இருக்கிறவன் உடம்பு அதிகமான பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். என் உடம்பில் அது தங்கி, ரத்தத்தில் ஏறி, இதயத்தை நிறுத்தப் பார்த்திருக்கிறது. இதைக் கேட்டதும் மாமா வராந்தாவில் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

"மாமா, இங்க வா" என்று கூப்பிட்டேன். "எத்தினி தடியனுங்க ஓடியாந்து மோதியும் சாவல. உன் குழம்புலயா சாவப்போறேன்?"

சொல்லிவிட்டேனே தவிர, செத்திருப்பேன் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அன்றைக்கு டாக்டர், டயாலிசிஸ் ஒரு தற்காலிக ஏற்பாடுதான், மாற்றுச் சிறுநீரகத்துக்கு வழி பாருங்கள் என்றார். கனடாவுக்குத் திரும்பிப் போய்ப் பதிவு செய்து காத்திருக்கிறேன் என்றேன். அது எத்தனை வருஷம் ஆகுமோ என்றார் அவர். அக்கா ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது அவள் சுபாவம் இல்லை. நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

திண்டிவனத்தில் ஒரு சாவுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அவளும் மாமாவும் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு வந்துவிட்டார்கள். அவள் ரத்தமும் என் ரத்தமும் ஒத்துப்போனது. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருந்தது. மாமா சம்மதக் கையெழுத்தும் போட்டுவிட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

"வேணாம்" என்றேன்.

"உன்ன யாரு கேட்டா?"

"என் உடம்புலதான் வைக்கப்போறாங்க. என்னத்தான் கேக்கணும்."

நான் வேண்டாம் என்றது வீம்புக்காக இல்லை. ஒரு சிறுநீரகத்தோடு நன்றாகவே வாழலாம், ஆனால் உடம்பில் தண்ணீர் வற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா வேலை செய்வது எங்கே? நிழலுக்கு ஒரு செடி இல்லாத உப்பளத்தில். ஒதுங்க இடம் இல்லை என்று அங்கே பெண்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அவளுடைய சிறுநீரகத்தை வாங்கிக்கொண்டு அந்த வெயிலுக்கு அவளைத் திருப்பி அனுப்ப என்னால் முடியாது. அதை அவளிடமே சொன்னேன்.

"உப்பளத்துக்குப் போறதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன். நீ உன் வேலயப் பாரு" என்றாள்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. சரி என்று தலையாட்டினேன். உள்ளுக்குள் வேறு திட்டம் வைத்திருந்தேன். நான் கனடா பாஸ்போர்ட்காரன், அவள் இந்தியப் பிரஜை. வெளிநாட்டுக்காரன் ஏழைகளிடம் உறுப்பை விலைக்கு வாங்கிவிடக் கூடாது என்பதற்காக, இப்படிப்பட்டவர்களை ஒரு கமிட்டி நேரில் கூப்பிட்டு விசாரிக்கும். அங்கே போய், எனக்குச் சம்மதம் இல்லை என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. கமிட்டி மறுத்துவிட்டது என்று அவளும் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

ஆபரேஷன் சென்னையில் என்பதால் விசாரணையும் அங்கேதான். ஒரு ஏசி அறை. மேஜைக்குப் பின்னால் நாலைந்து பேர், ஓரத்தில் ஒரு வீடியோ கேமரா. நடுவில் இருந்த பெரியவர் என்னையும் பார்த்தார், அக்காவையும் பார்த்தார். என் ஒரு கை அளவுக்குக்கூட அவள் இல்லை.

"நீங்க இவருக்குக் கூடப் பொறந்த அக்காவா?"

"ஆமா சார். அங்க போயி தின்னு தின்னு இப்படி ஆயிட்டான்."

சான்றிதழ்களையும் மரபணுப் பரிசோதனை முடிவையும் புரட்டிக்கொண்டே, "பணம், பொருள் ஏதாவது குடுத்திருக்காரா?" என்று கேட்டார்.

"வூடு கட்டிக் குடுத்தான் சார்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்போ?"

"அவன் ஆட்டத்துல சேர்ந்த புதுசுல. அப்ப அவனுக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருந்தான். அப்ப கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன்."

மேஜைக்குப் பின்னால் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர் சிரிக்கவில்லை. "பாருங்கம்மா, யாருக்காகவும் பயந்து சொல்ல வேண்டாம். நீங்க எதுக்காகக் குடுக்கறீங்க?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இவன் அங்க ஒரு ஆட்டம் ஆடுவான் சார். எல்லாரும் பந்தப் பாப்பாங்க. நான் இவன மட்டுந்தான் பாப்பேன். பின்னால ஒருத்தன் நிப்பான், அவன் மேல அடி வுழக் கூடாதுன்னு இவன் முன்னால போயி நிப்பான். எவனெவனோ வந்து மோதுவான். எத்தினி வருஷம் பாத்தேன் தெரியுமா? இவனுக்கு முன்னால ஒருத்தராச்சும் வந்து நின்னு நான் பாத்ததே இல்ல. எனக்கு வயிறு எரியும் சார். போனுக்குள்ள பூந்து நான் போயி நிக்க முடியுமா? இப்ப முடியும். அதான் நிக்கறேன்."

அவள் அதோடு முடிக்கவில்லை.

"இவன் இங்க வந்து வேணாம்னு சொல்லப் பாக்கறான் சார். வர்ற வழியெல்லாம் மூஞ்சி சரியில்ல. அவன் சொல்றதக் காதுல போட்டுக்காதீங்க."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா? வேணாம்னு சொல்லப் போறீங்களா?"

ஊரிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தது அத்தனையும் தொண்டையில் இருந்தது. அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை.

"வாங்கிக்கறேன் சார்" என்றேன்.

அனுமதி வந்தது. செலவுக்கு, ஆடிச் சம்பாதித்ததில் மிச்சம் இருந்தது போனது, போகட்டும். இனி வாழ்நாள் முழுக்க எனக்கு மாத்திரை உண்டு. புதுச் சிறுநீரகத்தை என் உடம்பு அந்நியன் என்று நினைத்துச் சண்டைக்குப் போகாமல் இருக்க அந்த மாத்திரை. அக்கா உப்பளத்தை விடவில்லை, விட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். வெயில் ஏறுவதற்குள் கரையேறிவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். ஒதுங்குவதற்கு உப்பளக் கரையில் தகரத்தில் ஒரு மறைப்பு கட்டிக் கதவும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கூட வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் இப்போது தண்ணீர் குடிக்கிறார்கள். அக்கா குடிக்காவிட்டால் அவர்களே எனக்குப் போன் செய்துவிடுவார்கள்.

ஆபரேஷன் நடந்த அன்றைக்கு அவளை முதலில் உள்ளே கொண்டுபோனார்கள், பிறகு என்னை. விழித்தபோது நான் ஒரு கண்ணாடி அறையில் தனியாக இருந்தேன். புதிதாகச் சிறுநீரகம் வைத்த ஆளுக்குத் தொற்று வந்துவிடக் கூடாது என்பதற்காக யாரையும் உள்ளே விட மாட்டார்கள். கட்டிலோரம் ஒரு பை தொங்கியது. மாதக் கணக்கில் ஒரு சொட்டும் சரியாகப் போகாதவனுக்கு அந்தப் பையில் சிறுநீர் இறங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் பெண் அளந்து அளந்து வெளியே ஊற்றினாள். அதைப் போல ஒரு சந்தோஷத்தை நான் எந்த மைதானத்திலும் பட்டதில்லை.

மறுநாள் கண்ணாடிக்கு வெளியே ஒரு சக்கர நாற்காலி வந்து நின்றது. தள்ளிக்கொண்டு வந்தவர் மாமா. அக்கா முகம் வெளுத்துப்போயிருந்தது, தலை கலைந்திருந்தது. கண்ணாடி வழியாக என்னவோ கேட்டாள், சத்தம் வரவில்லை. கையை ஆட்டி ஆட்டி என் வயிற்றைக் காட்டினாள். எனக்குப் புரிந்தது. நான் கையை நீட்டி அந்தப் பையைக் கட்டிலோரத்திலிருந்தே சாய்த்து, அவளுக்குத் தெரிகிற மாதிரி காட்டினேன். பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

அக்கா மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உட்காரு என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன், அவளுக்குக் கேட்கவில்லை. அந்த ஆட்டத்தில் ஒருவன் பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால் நடுவர் இரண்டு கையையும் நேராக மேலே தூக்குவார், அரங்கம் மொத்தமும் எழுந்து நிற்கும். பந்து எங்கே போனால் எனக்கென்ன என்று சொன்னவள் அதை எப்போது கவனித்தாளோ தெரியாது. ஒரு கையைத்தான் தூக்க முடிந்தது, மற்றது தையல் போட்ட பக்கம். தூக்கின கையை இறக்காமலேயே அவள் நின்றாள்.